அக்கறை இல்லாதது யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மழலைக் கல்விக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி: "பெற்றோருக்கே அக்கறை இல்லாதபோது ஆசிரியர் மட்டும் என்ன செய்துவிட முடியும்?" படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த வரியை ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன், ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் வாயாலும் கேட்டிருக்கிறேன். உங்கள் பத்திரிகையில் அச்சேறும் என்று நினைக்கவே இல்லை.

பள்ளியில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர்களைத்தானே கட்டுரையாளர் சொல்கிறார்? கூட்டம் காலை பதினோரு மணிக்கு. நாள்கூலிக்குப் போகிறவர் வந்தால் அன்றைய கூலி போச்சு. கைக்குழந்தை வைத்திருப்பவள் அதை யாரிடம் விட்டுவிட்டு வருவாள்? அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாலும், குழந்தைகளின் குட்டி நாற்காலியில் உட்காரவைத்து, உங்கள் பிள்ளைக்கு இது வரவில்லை, அது வரவில்லை என்று வாசிப்பார்கள். வீட்டில் வேறு மொழி பேசுகிறவர் என்றால் பாதி புரியாமலே தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த முறை அவர் வராவிட்டால் பதிவேட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று ஏறிவிடும்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன் மற்ற பிள்ளைகளைக் கடித்துவிடுவான். புகார் மேல் புகார். அவனை நிறுத்திவிடுவது என்று நிர்வாகம் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டது. அவன் எப்போது கடிக்கிறான் என்று தெரிந்தவர் அங்கே ஒரே ஒருவர்தான், கை கழுவிவிடும் ஆயாம்மா. "தூக்கம் வந்தாத்தான் கடிக்கிறான் டீச்சர்" என்று குழாயடியில் வைத்து என்னிடம் சொன்னார். அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் அவரை அழைத்ததில்லை. அவனுடைய அம்மாவுக்கு இரவு வேலை. சாயங்காலம் வாசலில் நின்றபடிதான் பேச முடிந்தது. தன் பழைய சட்டைத் துணி ஒன்றைப் பிடித்துக்கொண்டால்தான் பிள்ளை தூங்குவான் என்றார். வீட்டுப் பொருள் எதையும் உள்ளே கொண்டுவரக்கூடாது என்பது பள்ளி விதி! தலைமை ஆசிரியையிடம் மன்றாடி அந்த ஒரு துண்டுத் துணிக்கு அனுமதி வாங்கினோம். மத்தியானம் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கினான். கடிப்பது மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போனது. சொல்லுங்கள், அக்கறை இல்லாதது யாருக்கு?

இது ஒரு பள்ளியின் கதை இல்லை. அப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த வால்டர் கில்லியம் 2005இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரிந்ததுதான். அமெரிக்க மாநில அரசுகளின் நிதியில் நடக்கும் முன்பள்ளிகளில் பிள்ளைகளை வெளியேற்றும் விகிதம், அதற்கு மேலுள்ள பள்ளி வகுப்புகளில் இருப்பதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அதிகம் வெளியேற்றப்பட்டவர்கள் ஆண் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள். குழந்தை மனநலம் தெரிந்தவர் வகுப்புக்கே வந்து ஆசிரியரோடு கலந்துபேசிய இடங்களில் வெளியேற்றுவது குறைவாக இருந்தது. தனியாகத் திண்டாடும் ஆசிரியர்தான் பிள்ளையை வெளியே அனுப்புகிறார். பக்கத்தில் இன்னொரு பெரியவர் இருந்தால் யோசிக்க நேரம் கிடைக்கிறது.

அப்புறம், உங்கள் கட்டுரையாளர், முன்பள்ளிக்குப் போன பிள்ளைகள் வளர்ந்தபின் எப்படி இருக்கிறார்கள் என்று தொடர்ந்து பார்த்த பெர்ரி முன்பள்ளி ஆய்வைச் சொல்கிறார். 1962இல் அமெரிக்காவின் இப்சிலாந்தியில் தொடங்கியது, 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகள், போட்ட பணம் பல மடங்காகத் திரும்பியது, எல்லாம் சரி. ஆனால் அந்த ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார்களே, அதை ஏன் விட்டுவிட்டார்? அந்த வேலையில் பாதியே அதுதான். பெற்றோர் பள்ளிக்கு வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. ஏழைக் குழந்தைகளுக்காக அமெரிக்க அரசு 1965இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் முன்பள்ளித் திட்டத்தில், முடிவெடுக்கும் கொள்கைக் குழுவில் பாதிக்கு மேல் பெற்றோர் இருக்க வேண்டும் என்பது விதி. வரவுசெலவு, ஆள் நியமனம் வரை அவர்கள் பேச்சுக்கு அங்கே இடம் உண்டு. ஆண்டுவிழாவுக்கு நாற்காலி போடக் கூப்பிடுகிற பெற்றோர் சங்கம் இல்லை அது.

பழையதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நீங்கள் போட்ட குழந்தைகள் சிறப்பிதழில் மருத்துவர் இருந்தார், மனநல ஆலோசகர் இருந்தார், பள்ளி நடத்துகிறவர் பேட்டி இரண்டு பக்கம். ஆயா ஒருவர் இல்லை, இரவு வேலை பார்க்கும் தாய் ஒருவர் இல்லை. அப்போதும் எழுதினேன், பதில் வரவில்லை. பிள்ளையோடு பொழுதெல்லாம் கழிப்பவருக்குச் சம்பளமும் குறைவு, பேச்சுக்கு மதிப்பும் குறைவு. பத்திரிகையில் இடமும் இல்லையென்றால் அவர்கள் எங்கே போய்ச் சொல்வது?

நான் கேட்பது பெரிதல்ல. மழலைக் கல்வி பற்றி அடுத்து எழுதும்போது ஒரு பக்கத்தை ஓர் ஆயாவுக்கும் ஒரு பெற்றோருக்கும் ஒதுக்குங்கள். எழுத வராது என்றால் யாராவது போய்க் கேட்டு எழுதட்டும். அவர்களுக்கு ஒழிகிற நேரத்தில் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மழலையர் பள்ளி ஆசிரியை