பராமரிப்பாளர்களையும் மறந்துவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போரில் சிக்கிய சிறுவர்களுக்காகச் சிங்கப்பூரில் நிதி திரட்டப்படும்போது உணவு, மருந்து, கூடாரம் ஆகியவற்றுக்கு முதலிடம் தரப்படுவது முறைதான். ஆனால், குண்டுவீச்சு ஓய்ந்த பிறகும் இரவில் அலறி எழும் பிள்ளைக்கும், அதைத் தேற்றத் தெரியாமல் தவிக்கும் தாய்க்கோ பாட்டிக்கோ என்ன வழி என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

நார்வேயின் பெர்கன் நகரிலுள்ள ‘சிறுவரும் போரும்’ அறநிறுவனத்தின் குழுப் பயிற்சி காஸா உட்படப் பல இடங்களில் பயன்படுத்தப்பட்டுள்ளது. மனநல மருத்துவர்கள் இல்லாத ஊரிலும், பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் சமூக ஊழியர்களும் அதை நடத்தலாம். பிள்ளைகளுக்கு ஐந்து அமர்வுகள், பராமரிப்பாளர்களுக்கு இரண்டு. மனத்தை விட்டு அகலாத காட்சி தொலைக்காட்சித் திரையில் ஓடுவதாகக் கற்பனை செய்து, வண்ணத்தை நீக்கி, படத்தைச் சுருக்கி, கடைசியில் அணைத்துவிடப் பிள்ளை பழகுகிறது. கெட்ட கனவை வரைந்து, அதற்குத் தான் விரும்பும் முடிவைச் சேர்ப்பது இன்னொரு பயிற்சி. பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் அப்படிப்பட்ட கனவுகள் வருகின்றன என்று தெரிவதே பெரிய ஆறுதல்.

பராமரிப்பாளர்களுக்கான அந்த இரண்டு அமர்வுகளைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பத்து வயதில் படுக்கையை நனைக்கும் மகனை அடிக்கும் தந்தைக்கு, அது பிடிவாதமன்று, அச்சத்தின் விளைவு என்று எடுத்துச் சொல்லாமல் பிள்ளைக்கு மட்டும் பயிற்சி அளித்தால் பயன் குறைவே. அந்தத் தந்தையும் பல இரவுகள் உறங்காதவராக இருக்கலாம். அவரை யாரும் விசாரிப்பதில்லை.

இலங்கையின் வடக்கில் பள்ளிப் பிள்ளைகளிடையே வேறொரு குழுப் பயிற்சியை 15 அமர்வுகளாக நடத்தி, 2012ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு இங்குக் கவனிக்கத்தக்கது. எல்லாரும் ஒரே அளவில் தேறவில்லை. பயிற்சி பெற்ற சிறுமிகளின் மனவடு அறிகுறிகள், பயிற்சி பெறாத சிறுமிகளுக்குக் குறைந்த அளவுகூடக் குறையவில்லை. போர் விட்டுச்சென்ற அன்றாட இன்னல்கள் குறைவாக இருந்த பிள்ளைகளே கூடுதலாகப் பயனடைந்தனர். ஆகவே, வீட்டுச் சூழலைக் கவனிக்காமல் பள்ளியில் மட்டும் குழு கூட்டினால் போதாது.

யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் போர்க்காலத்திலேயே தமிழில் இப்பணிக்கு அடித்தளம் இட்டுள்ளதால், நாம் எதையும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. இங்கு நிதி திரட்டும் தமிழ் அமைப்புகள், அங்குள்ள ஆசிரியர்களின் பயிற்சிக்கும் பராமரிப்பாளர் அமர்வுகளுக்கும் நன்கொடையில் ஒரு பகுதியை ஒதுக்கி, அது செலவிடப்பட்ட விவரத்தை நன்கொடையாளர்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உட்லண்ட்ஸ்