அலைகரையில் போட்ட வேலி

அன்பின் மச்சான்,

நீ அனுப்பின குரல் பதிவு வந்து மூன்று கிழமையாகிறது. பதில் போடாததற்கு உழவு ஒரு காரணம். இன்னொன்று, உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். போனில் சொன்னால் நீ பாதியில் குழம்புவாய், அதனால் எழுதுகிறேன். பொறுமையாக வாசி, அது கடைசியில்தான் வரும்.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ அப்படியேதான், ஆனாலும் மாட்டுக்குத் தவிடு கரைத்து வைக்க வேறு ஆளை விடமாட்டா. சின்னவள் வருகிற வருஷம் ஓ.எல். உன் மகளின் கல்யாணப் படங்களைக் கூடியிருந்து பார்த்தோம். பக்கத்தில் கோட்டும் சூட்டுமாக நிற்கிறவன் யார் என்று அம்மா கேட்டா, நீதான் என்று சொல்ல நம்பவில்லை. காலபோகத்துக்கு, அதுதான் மாரி நெல் விதைப்புக்கு, உழுது போட்டாயிற்று, ஐப்பசி மேகம் மூன்று நாளாகக் கூடிக் கூடிக் கலைகிறது.

சரி, புதினத்துக்கு வருகிறேன். நான் ஒரு குழுவில் இருக்கிறேன். சிரிக்காதே.

2023 மார்ச்சோடு பழைய பிரதேச சபைகளின் காலம் முடிந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் உறுப்பினர் இல்லாமல் செயலாளரே எல்லாவற்றையும் பார்த்தது உனக்குத் தெரியும். 2025 மே 6 தேர்தலில் வந்தவர்களில் ஓர் இளம் பெடியன் இருக்கிறான். அவன் சபையில் எழும்பி, சுற்றாடல், காணிப் பாவனை சம்பந்தமாகச் சபை போட்ட உபவிதிகள் எல்லாம் பழசாகிவிட்டன, திருத்தவேண்டும், அதற்கு ஊர்ச் சனத்தைச் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழு போடுவோம் என்று கதைத்து, எப்படியோ மற்றவர்களைத் தலையாட்ட வைத்துவிட்டான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்திலேயே சுற்றாடலுக்கென்று ஒரு குழு போடவும், அதில் உறுப்பினர் அல்லாத ஊரவரைச் சேர்க்கவும் இடம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்தக் கதிரையில் யாரும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

முதல் கூட்டத்தை ஒரு புதன்கிழமை காலை 10 மணிக்கு வைத்தார்கள். யார் வருவார்கள் சொல் பார்ப்போம்? ஓய்வுபெற்ற அதிபர், ஓய்வுபெற்ற லிகிதர் இரண்டு பேர், கடைக்காரர் ஒருவர், கமக்காரர் அமைப்புத் தலைவர், எல்லாக் கூட்டத்துக்கும் போகிற நான். பெண் என்று ஒரேயொருவர், அவவும் கூட்டக் குறிப்பு எழுத வந்தவ. பட்டிக்காரர் ஒருவர்கூட இல்லை, அந்த நேரத்தில் அவர்கள் மாட்டோடு ஏதோ ஒரு காட்டோரத்தில் நிற்பார்கள். குளம் நிரம்பினால் தண்ணி வழிகிற வானுக்குக் கீழே குடியிருக்கிற சனம் கூலிக்குப் போயிருந்தது. பெடியன் சுற்றிப் பார்த்தான், அரை மணித்தியாலத்தில் கூட்டத்தை முடித்துவிட்டு, அடுத்ததை ஞாயிறு பின்னேரம் 5 மணிக்குக் குளக்கட்டில் வைப்போம் என்றான். எனக்கு அவனைப் பிடித்தது அந்த இடத்தில்தான்.

குளக்கட்டுக்கு 60 பேர் வரை வந்தார்கள், வந்த கையோடு சண்டை. ஓர் அக்கா, நீயும் அறிந்தவதான், பெயர் எழுதவில்லை, எழும்பி நின்று கேட்டா: “சுற்றாடல் எண்டு சொல்லித்தானே என்ர வயலுக்க கல்லு நட்டவங்கள், இப்ப நீங்களும் அதே சொல்லோட வாறியள்?” ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. என்ன பதில் சொல்வது? 2008இல் இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், முகாமில் கிடந்து, 2010இல் அவ திரும்பி வரும்போது வயலில் ஆள் உயரப் பற்றை. துப்புரவாக்கக் காசில்லாமல் இரண்டு போகம் விட, நாலு போகம் விட, ஒரு நாள் போய்ப் பார்த்தால் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கிறது. காணிப் பெர்மிற் கையில் இருக்கிறது, வரைபடத்தில் அது காடு. வர்த்தமானியில் அறிவிக்கப்படாத மற்ற அரச காடுகளையும் வனத் திணைக்களத்தின் பொறுப்பில் விட்டு 2001இல் ஒரு சுற்றறிக்கை வந்தது, 2020இல் அதை நீக்கிப் பொறுப்பைப் பிரதேச செயலாளர்களிடம் கொடுத்தார்கள், அப்போது காடு அழியப் போகிறது என்று சூழலியலாளர்கள் சத்தம் போட்டார்கள், அதையும் பொய் என்று சொல்லமாட்டேன். சுற்றறிக்கை வந்தது, போனது, அக்காவின் கல் மட்டும் நட்ட இடத்திலேயே நிற்கிறது.

அதற்கு மேல் 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி வேறு. வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல், மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்று. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட, அரசாங்கமும் பின்வாங்கியது. நீயும் அங்கே இருந்து பார்த்திருப்பாய், உன்னைப் போல வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குத்தானே அது முதலில் நெஞ்சில் இடித்தது. இப்படி இருக்கிற ஊரில் போய் “காணிப் பாவனை விதி” என்று வாயைத் திறந்தால் சனம் எங்களை மாலை போட்டா வரவேற்கும்? அக்காவைக் குழுவில் சேரச் சொல்லிக் கேட்டோம். முதலில் மாட்டேன் என்றா, பிறகு, “நான் இல்லாட்டி நீங்கள் என்ன எழுதுவியளோ” என்று சொல்லிக்கொண்டு வந்தா. இப்போது 11 பேர், அதில் பெண்கள் 4 பேர், பட்டிக்காரர் 2 பேர்.

சபைக்கு எவ்வளவு அதிகாரம் என்று பார்த்தால் உனக்கு அழுகை வரும். 80 ஹெக்டேயருக்குள், நம்முடைய கணக்கில் 200 ஏக்கருக்குள், நீர்ப்பாய்ச்சுகிற சின்னக் குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம், அதற்கு மேலே போனால் நீர்ப்பாசனத் திணைக்களம். கிரவலுக்கும் மணலுக்கும் அனுமதி கொடுப்பது பிட்டகோட்டேயில் தலைமையகம் இருக்கிற புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகம். காட்டோரத்து மரத்துக்கு இன்னொருவர். வயலை மூடி மண் போட்டு நிரப்பவும் கமநலத்தின் அனுமதி வேண்டும். சபையிடம் இருப்பது கட்டட அனுமதி, சபை வீதிகள், வடிகால், குப்பை, கட்டாக்காலி மாடு, அப்புறம் தச்சுப் பட்டறை, அரைக்கும் மில் மாதிரிச் சின்னத் தொழில்களுக்குச் சுற்றாடல் அனுமதிப்பத்திரம். இதுக்குள் நின்றுகொண்டு நாங்கள் என்ன எழுதினாலும் சபை நிறைவேற்ற வேண்டும், பிறகு மாகாணத்தின் ஒப்புதல் வேண்டும், வர்த்தமானியில் வரவேண்டும். மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்தபடியால் ஒப்புதல் என்றால் ஆளுநர்தான். லிகிதர் ஐயா ஒருவர் இதை முழுக்கக் கேட்டுவிட்டு, அப்போ நாங்கள் சும்மா தேத்தண்ணி குடிக்கவா கூடுறோம் என்றார். நானும் அன்றைக்கு இரவு அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் வீதி சபையுடையது, மச்சான். மண் ஏற்றுகிற டிப்பர் வீதியில்தானே ஓடவேண்டும். 2019 டிசம்பரில் மண், மணல் ஏற்றிப் போகப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று விட்டார்களே, அந்த நேரம் இரவில் படுக்க முடியாது, கனகராயன் ஆற்றுப் பக்கமிருந்து விடிய விடிய ஓட்டம். பள்ளிக்கூடத்து ஒழுங்கை அப்போது உடைந்ததுதான், இன்னும் சரிவரவில்லை. எவ்வளவு பாரம், எந்த நேரம், எந்த ஒழுங்கையால் என்று உபவிதியில் எழுதலாம் என்று அதிபர் சொன்னார், அது சரியாகத்தான் படுகிறது. எழுதின பிறகு இரவு 2 மணிக்கு யார் நின்று மறிப்பது என்று பட்டிக்காரர் ஒருவர் கேட்டார். அதற்கு இன்னும் விடை இல்லை.

கூடுதலாக மினக்கெடுவது வான் தண்ணி வடிந்து ஓடுகிற கழிவாற்றோடுதான். 2018 மார்கழி வெள்ளம் வந்தபோது நீ இங்கே இல்லை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த இரவு கிளிநொச்சிப் பக்கம் பட்ட பாடு நீ செய்தியில் கேட்டது. எங்கள் சின்னக் குளமும் அதே இரவில் வான் பாய்ந்தது. மழை கூடத்தான், ஆனால் தண்ணி வீடுகளுக்குள் வந்ததற்கு அது மட்டும் காரணமில்லை, நீயும் நானும் சின்ன வயதில் விரால் பிடித்த அந்தக் கழிவாறு இப்போது ஒரு பாய்ச்சலில் தாண்டுகிற வாய்க்கால். இரண்டு பக்கமும் வேலி நகர்ந்து நகர்ந்து, நடுவில் ஒருவர் மதகு கட்டி, ஒருவர் கடை போட்டு, எல்லாம் சேர்ந்து நெருக்கியாயிற்று. போன மாதம் நாங்கள் 11 பேரும் வானிலிருந்து கீழே நடந்தோம். அக்கா ஒவ்வொரு வீட்டிலும் தண்ணி நின்ற மட்டத்தைக் கேட்டுச் சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டா, அந்தக் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் பழைய ஆறு அப்படியே தெரிகிறது. எந்தத் திணைக்களத்து வரைபடத்திலும் அது இவ்வளவு தெளிவாக இருக்காது. அந்தக் கோட்டுக்குள் புதுக் கட்டடத்துக்குச் சபை அனுமதி கொடுக்கக் கூடாது என்பதுதான் நாங்கள் எழுதின முதல் வரி. ஏற்கெனவே இருக்கிற வீடுகளை என்ன செய்வது என்பதில் நாலு ஞாயிறு போய்விட்டது.

மேய்ச்சல் தரை இன்னொரு தலையிடி. காலபோகத்துக்கு விதைத்தால் பட்டியை வெளியே கொண்டுபோக வேண்டும், காட்டுக்குள் போனால் வழக்கு, வயலுக்குள் போனால் வெட்டு. கமக்காரர் அமைப்புத் தலைவரும் பட்டிக்காரரும் முதல் இரண்டு கூட்டத்திலும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கதைக்கவே இல்லை. இப்போது கதைக்கிறார்கள், பெரும்பாலும் ஏசித்தான்.

இனி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

வான் பக்கம் முடிய, குளம் நிரம்பினால் தண்ணி வந்து நிற்கிற ஓரமான அலைகரையைச் சுற்றி நடந்தோம். கமநலத்திலிருந்து பழைய வரைபடம் ஒன்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எடுத்திருந்தோம், பெடியன் போனில் இடத்தைப் பார்த்துப் பார்த்துக் குச்சி நட்டுக்கொண்டு வந்தான். மூன்றாவது குச்சி என் தென்னைக்குள் விழுந்தது. என் வேலி குளத்துக்குள் 14 அடி நிற்கிறது. சத்தியமாக எனக்குத் தெரியாது என்று சொன்னேன், மச்சான், அது பாதிப் பொய். 2014 வரட்சியில் தண்ணி வற்றிக் கிடந்தபோது ஒரு பத்தடி தள்ளிப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்று நான்தான் வேலிக்குக் கதியால் நட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, சுண்ணாம்பு வாளியை என்னிடம் நீட்டினா. அன்று இரவு நித்திரை இல்லை. அடுத்த கிழமை வேலியைப் பிடுங்கிப் பின்னால் போட்டேன், 9 தென்னை வெளியே. அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஏழாவது குச்சி தாண்டினால் உன் மேட்டுக்காணி. அதன் பின்பக்கம் முழுக்கக் கிடங்கு. பெக்கோ மெசின் போட்டுக் கிரவல் அள்ளியிருக்கிறார்கள், ஒரு பனை உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, குளத்துப் பக்கக் கரை வெடித்து நிற்கிறது, நீ ஊஞ்சல் கட்டின பாலைமரம் வேர் தெரிய ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. உன் சித்தப்பாவின் மகன்தான் குத்தகைக்கு விட்டிருக்கிறான். கேட்டேன், “அண்ணைக்குத் தெரியும்” என்றான். உனக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கவில்லை, தெரிந்திருந்தாலும் உன்மேல் கோபமில்லை, நானும் கதியால் நட்டவன்தானே. ஆனால் இந்த மாரிக்குத் தண்ணி நிரம்பினால் அது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற குறுக்குப் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிற கிடங்கு. கூட்டத்தில் காணி ஆருடையது என்று கேட்டபோது, வெளிநாட்டில் இருக்கிறவருடையது, கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் தெரியும், ஆனால் எனக்காகப் பேசாமல் இருந்தார்கள். அடுத்த ஞாயிறும் அப்படி இருப்பார்கள் என்று நினைக்கவில்லை.

தம்பியோடு நீ கதைக்க வேண்டும். அள்ளுவதை நிற்பாட்டச் சொல், கரைப் பக்கத்தையாவது மழைக்கு முன்னர் மூட என்ன செலவாகும் என்று பார்ப்போம், டிராக்டர் என்னிடம் இருக்கிறது. உன் பெர்மிற்றின் பிரதி இருந்தால் படம் எடுத்து அனுப்பு, பின் எல்லை எங்கே என்று பார்க்க வேண்டும். ஞாயிறு உன் நேரம் காலை 8 மணிக்கு எடு, இங்கே பின்னேரம் ஐந்தரை, நான் குளக்கட்டில்தான் நிற்பேன், அங்கேதான் சிக்னலும் ஒழுங்காக வரும். அக்காவும் பக்கத்தில் நிற்பா, அதையும் சொல்லிவிட்டேன்.

உன்,
மச்சான்