ஜி-சூட்டைத் திருப்பிக் கொடுத்த வெள்ளிக்கிழமை

அன்புள்ள மொட்டை,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதைத் திட்டிவிட்டு அப்புறம் படி. வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவள் உன்னை இன்னும் ‘பார்சல் மாமா’ என்றுதான் கேட்கிறாள். ஏஎன்-32 சரக்கு விமானம் ஓட்டியவனை வேறு எப்படிச் சொல்வது?

விஷயம் இதுதான். விமானப்படைப் பதவி உயர்வு போர்டின் முடிவு வந்துவிட்டது. குரூப் கேப்டன். டெல்லியில் வாயு பவன், விமானப்படைத் தலைமையகத்தில் மேசை வேலை. போன வெள்ளிக்கிழமை என் ஸ்குவாட்ரனை, அந்தப் போர் விமானப் பிரிவை, அடுத்தவரிடம் ஒப்படைத்தேன். ஹெல்மெட்டையும், பறக்கும்போது போடும் ஜி-சூட்டையும் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ரெஜிஸ்டரை நீட்டிய பையன், திரும்ப எப்போது வருவீர்கள் சார் என்று கேட்டான். சட்டைப்பையில் பேனாவைத் தேடினேன். பேனா கையில்தான் இருந்தது.

பயிற்சியில் துண்டிகலில் தீபக் விமானம், ஹக்கீம்பேட்டில் கிரண், தேஜ்பூரில் மிக்-21. அப்போது மேலே போவது என்றால் மேலே போவதுதான். பதவியும் தானாக வந்தது. 2 வருடத்தில் ஃப்ளைட் லெப்டினன்ட், 6-ல் ஸ்குவாட்ரன் லீடர், 13-ல் விங் கமாண்டர். தேர்வுகளை முடித்து, வம்பில் மாட்டாமல் இருந்தால் போதும். அதற்கு மேல்தான் வடிகட்டல். அதில் தேறினால் பரிசு நாற்காலி! நன்றாக இழைக்கிறான் என்று தச்சனிடம் உளியைப் பிடுங்கிக்கொண்டு, கணக்குப்பிள்ளையாக உட்கார வைத்த மாதிரி இருக்கிறது. கழுத்துக்கு மட்டும் சந்தோஷம். 9 ஜி திருப்பத்தில் தலையும் ஹெல்மெட்டும் ஒன்பது மடங்கு கனக்க, பின்னால் திரும்பிப் பார்த்த கழுத்து அது.

புலம்பவும் கூச்சமாக இருக்கிறது. 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய இடத்தில், மிக்-21 போனபிறகு 29. ஸ்குவாட்ரன் குறைந்தால் அதை நடத்தும் சி.ஓ. பதவியும் குறையும். என்னைவிடக் கெட்டிக்காரர்கள் அது கிடைக்காமலே நின்றுபோனார்கள். நம் கோர்ஸில் யார் யார் என்று உனக்கே தெரியும். எனக்கு இரண்டு வருடம் கிடைத்தது.

விலகல் பேப்பர் போட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது. 20 வருடம் முடிந்துவிட்டது, பென்ஷன் உண்டு. நீ சொல், நிஜமாகவே நிம்மதியாக இருக்கிறாயா? ஏர்லைன்ஸில் இருபத்தெட்டு வயது கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து “யெஸ் சார்” சொல்கிறாயாமே! அதை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது, தைரியமும் போய்விடுகிறது.

2025 செப்டம்பர் 26, மிக்-21-க்கு விடை கொடுத்த சண்டிகர் ஒளிபரப்பைப் பார்த்தாயா? விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங்கே மிக்-21-ல் ஏறினார். “பாருங்கள், அவ்வளவு உயரத்தில் இருப்பவரும் பறக்கிறார்” என்றாள் என் மனைவி. சரிதான். நடுவில் எத்தனை வருடம் ஃபைலோடு கழிந்திருக்கும் என்று அவளிடம் சொல்லவில்லை. உண்மையில் அன்றைக்கு என் கண் தளபதி மேல் இல்லை. டயர் தரையைத் தொட்டுப் பின்னால் பாராசூட் விரிந்ததும் என் கண்முன் நாம் இழந்த நம் குட்டிதான் வந்து நின்றான். இந்தப் பதவி உயர்வுப் பட்டியலில் முதல் பெயர் அவனுடையதாக இருந்திருக்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணமும் கொஞ்சம் அதுதான். வருடா வருடம் அவன் அம்மாவுக்கு போன் செய்வேன். இந்த முறை செய்யவில்லை. எடுத்ததுமே “இப்போ என்ன ரேங்க்ப்பா?” என்றுதான் கேட்பார். நீ பேசினாயா? இல்லையென்றால் அடுத்த ஞாயிறு உனக்கு ஃப்ளைட் இல்லாத நேரம் சொல். சேர்ந்தே கூப்பிடுவோம். முதலில் நீ பேசு.

உன்
சங்கு