காற்றின் வேகம் போதாது, திசையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை கைட் சர்ஃபிங் விளையாட்டுக்கு மிகவும் ஏற்றது என்று தங்கள் நாளிதழின் கடலூர் பக்கத்தில் சென்ற வாரம் படத்துடன் செய்தி வந்திருந்தது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதைக் காரணமாகச் சொல்லியிருந்தீர்கள். அது எந்தத் திசைக் காற்று, எந்த மாதத்துக் காற்று, காலையிலா மாலையிலா என்று ஒரு வார்த்தை இல்லை. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். திசை சொல்லாத காற்றுச் செய்தியைப் படித்தால் எனக்குக் கை பரபரக்கிறது.

விளையாட்டின் மீது எனக்கு வெறுப்பு கிடையாது. பார்க்க அழகாகவே இருக்கிறது. காற்று அடைத்த பெரிய பட்டம், இருபது மீட்டருக்கு மேல் நீளும் கயிறுகள், காலடியில் ஒரு பலகை. பட்டம் இழுக்க, பலகை தண்ணீர் மேல் பாய்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்த்து மார்செய் கடலில் போட்டியும் நடத்திவிட்டார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையோரம் பெரும்பகுதியில் கருங்கல் கொட்டிக் கிடப்பதால் பட்டத்தை விரித்து ஏற்ற வசதியில்லை. அகலமான மணல் தேடி அந்தப் பிள்ளைகள் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். வரட்டும்.

ஆனால் எங்கள் கடற்கரை கிழக்கே பார்த்தது. எல்லாக் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். கடலைப் பார்த்து நின்றால் வலது கன்னத்தில் படும். கரையோரமாகச் சாய்ந்து அடிக்கும் இந்தக் காற்றில் பட்டக்காரர் கயிற்றை விட்டாலும், பலகையை இழந்தாலும், கொஞ்சம் வடக்கே தள்ளிக் கரையில்தான் வந்து ஒதுங்குவார். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்குக் காற்று இடது கன்னத்தில் அடிக்கும். அதுவும் கரைக்குத் தள்ளும் காற்றுதான். ஆனால் அப்போது மழையும் புயல் சின்னமும் கூடவே வரும். பெண்ணையாறும் கெடிலமும் பெருகி, மரமும் ஆகாயத்தாமரையும் முகத்துவாரம் தாண்டி மிதந்து வரும். அதையும் கண்ணால் பார்த்து ஒதுங்கிவிடலாம்.

பயப்பட வேண்டியது ஆனி, ஆடி மாதங்களில் வரும் மேல்காற்றுக்கு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த அம்மி எங்கள் ஊரில் பறந்தால் கடலுக்குள்தான் போய் விழும். தென்மேற்கிலும் மேற்கிலும் இருந்து வரும் இந்தக் காற்று காலையிலேயே பலமாக இருக்கும். கடற்காற்று அதை எதிர்த்துத் தலைகாட்டுவதற்குள் பிற்பகல் ஆகிவிடும். சில நாட்களில் தலைகாட்டவே செய்யாது. கரையிலிருந்து அடிப்பதால் கரையோரம் அலை அடங்கிக் கடல் குளம் போல் தெரியும். புதிதாக வருபவர் ஏமாறுவது அங்கேதான். சவுக்குத் தோப்பும் கட்டடங்களும் தடுப்பதால் மணலில் நிற்பவருக்குக் காற்று விட்டுவிட்டுத்தான் படும். நானூறு, ஐந்நூறு மீட்டர் உள்ளே போனால் தடுப்பு எதுவும் இல்லை. அங்கே பட்டம் விழுந்துவிட்டால் காற்று அவரைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். எதிர்த்து நீந்திக் கரையேற முடியாது.

போன ஆடியில் அப்படி ஒரு இளைஞர் போனார். அவருக்குப் பயிற்சி கொடுத்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். கைப்பேசியில் காற்று 18 நாட் (மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர்) என்று பச்சை நிறத்தில் காட்டியதாம். நல்ல நாள் என்று இறங்கிவிட்டார். மீன்பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஃபைபர் படகு ஒன்று அவரைக் கரையிலிருந்து வெகு தூரத்தில் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தது. பட்டத்தின் கயிறு படகின் விசிறியில் சுற்றி, அதை அறுத்தெடுக்க அரை நாள் ஆயிற்று. படகுக்காரர் எனக்குத் தெரிந்தவர். "பையன் நல்லா நீந்துறான் சார், ஆனா காத்து எங்கேருந்து வருதுன்னு திரும்பிப் பார்க்கலையே" என்றார். டீசல் காசை அவரும் கேட்கவில்லை, இளைஞர் தரப்பும் கொடுக்கவில்லை.

இதே மாதங்களில் இன்னொன்றும் உண்டு. மாலையில் மேற்கே இடிமேகம் திரளும். அதுவரை கடலிலிருந்து இதமாக வந்த காற்று ஒரு கணம் நிற்கும். அடுத்த சில நிமிடங்களில் மேற்கிலிருந்து தூசியோடு பாயும். ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கும் மணலில் அந்த நேரத்தில் பட்டம் மேலே இருந்தால், ஆபத்து விளையாடுபவருக்கு மட்டுமல்ல. இழுபடும் கயிறு கத்தி போல் அறுக்கும். காற்றின் வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 42 ஆனால் பட்டத்தின் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும் என்பதையும் செய்தி எழுதியவர் தெரிந்துகொள்வது நல்லது.

திசையை நான் இவ்வளவு வலியுறுத்துவது கூண்டு ஏற்றிய பழக்கத்தால். கூண்டின் எண் கூடக் கூட ஆபத்து கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம். புயல் தன் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகத்தை விட்டுக் கடந்தால் 5. வலப்பக்கம் விட்டுக் கடந்தால் 6. துறைமுகத்தின் மீதோ அருகிலோ கடந்தால் 7. பெரும் அபாயத்துக்கான 8, 9, 10 ஆகியவையும் அதே வரிசைதான். வங்கக் கடல் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வடக்கே உள்ள ஊரில் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். தெற்கே உள்ள ஊரில் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. அருகருகே உள்ள இரண்டு ஊர்களுக்கும் ஒரே புயல், வேறு வேறு காற்று. வேகத்தோடு திசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அந்தக் கூண்டு முறையை வகுத்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

தங்கள் நாளிதழில் தினமும் வரும் வானிலைக் கட்டத்தில் அதிகபட்ச வெப்பம், குறைந்தபட்ச வெப்பம், சூரிய உதயம், மறைவு, காற்றின் வேகம் இருக்கின்றன. சூரியன் எப்போது உதிக்கும் என்று தெரியாமல் கடலூரில் யாரும் சங்கடப்பட்டதில்லை. அந்த இடத்தில் காற்றின் திசையைப் போடுங்கள். கடலூரில் வானிலை ஆய்வுத் துறையின் நிலையம் இருக்கிறது. காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் எடுக்கும் அளவுகளில் திசையும் அடக்கம். அந்தந்த வேளைக்கு 'மேற்கு', 'தென்கிழக்கு' என்று ஒரு சொல் போட்டால் போதும். அம்புக்குறி மட்டும் வேண்டாம். காற்று வரும் திசையா, போகும் திசையா என்ற குழப்பம் கைப்பேசிச் செயலிகளைப் பார்ப்பவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

கடற்கரையில் ஒரு கம்பம் நட்டுத் திசை காட்டும் காற்றுப்பை கட்டுவது, படகுகள் கரையேறும் இடத்தை விட்டுத் தள்ளிப் பட்டம் ஏற்ற இடம் ஒதுக்குவது, மேல்காற்று நாட்களில் இறங்கத் தடை விதிப்பது ஆகியவை மாவட்ட நிர்வாகமும் மீனவர் பஞ்சாயத்தும் உட்கார்ந்து பேச வேண்டியவை. அதற்கு நாளாகும். தங்கள் கட்டத்தில் ஒரு சொல் சேர்க்க நாளாகாது. துல்லியமான தகவல் கிடைக்கும்வரை காலையும் மாலையும் கடற்கரைக்குப் போய்ப் பார்த்து நானே தகவல் தருகிறேன். எப்படியும் நடக்கப் போகிறவன்தான். என் தொலைபேசி எண்ணைத் தங்கள் கடலூர் நிருபரிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துறைமுகப் பணியாளர்,
கடலூர் முதுநகர்