பாலூட்டும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது?

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கும் பேரூராட்சிச் செயல் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

எனக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கிறாள். அம்மா வீடும் புகுந்த வீடும் தென்மாவட்டங்களில்தான், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். சொந்த வண்டி கிடையாது. பிரசவத்துக்குப் பிறகு நான் வீட்டை விட்டுக் கிளம்பிய நேரமெல்லாம் ஏதாவது ஒரு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்துதான் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறேன். அங்கே பூட்டிக் கிடக்கிற பாலூட்டும் அறையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பஸ்ஸை ஓட்டுவது போக்குவரத்துக் கழகம் என்றாலும், பெரும்பாலான ஊர்களில் பேருந்து நிலையம் உங்களுடையது. கடைகளுக்கு வாடகை வசூலிப்பது, சைக்கிள் ஸ்டாண்டையும் கட்டணக் கழிப்பறையையும் ஏலம் விடுவது, கூட்டிப் பெருக்க ஆள் போடுவது எல்லாம் உள்ளாட்சி நிர்வாகம்தான். அதனால் அந்த அறைக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே எழுதுகிறேன்.

2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தின்போது, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தமிழ்நாடு முழுக்கப் பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகளைத் திறந்து வைத்தார். நான் அப்போது கல்லூரி மாணவி. பஸ்ஸுக்கு நிற்கும்போது குழந்தைப் படம் போட்ட அந்தக் கதவைப் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் அதைப் பற்றி நினைத்ததில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், வீட்டுக்குள் மட்டுமே பேசப்பட்ட ஒரு தேவையை அரசாங்கம் பேருந்து நிலையத்தில் வைத்து ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். யார் ஆட்சியில் வந்தது என்பதெல்லாம் தாய்க்கு முக்கியமில்லை. கதவு திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

திறந்திருப்பதில்லை. ஊர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, ஏனென்றால் அது ஒரு ஊரின் குறை மட்டும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் பஸ் தாமதமாகி, இறங்கும்போதே பாப்பா வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். என் அம்மா ஒரு கையில் பையும் இன்னொரு கையில் பாப்பாவின் துணிக் கூடையுமாக முன்னால் ஓடினார். அறையில் பூட்டு. பக்கத்துக் கடைக்காரர், "சாவி டைம் கீப்பர் ஆபீஸ்ல இருக்கும், கேட்டுப் பாருங்கம்மா" என்றார். டைம் கீப்பரோ, "அது எங்ககிட்ட இல்லம்மா, நகராட்சி ஆளுங்ககிட்டதான்" என்றார். கூட்டுகிற அக்கா ஒருவர்தான் உண்மையைச் சொன்னார்: சாவி வைத்திருக்கிறவர் அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார். அவர்கள் யாரும் எங்களிடம் கடுமையாகப் பேசவில்லை. யாருக்கும் அது தன் வேலை இல்லை, அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு பூக்கார ஆச்சி தன் கூடைகளைத் தள்ளி வைத்துத் தூணுக்குப் பின்னால் இடம் கொடுத்தார். அம்மா துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் பஸ் வந்து நிற்பதும் ஹாரனும் கண்டக்டர் ஊர் பேரைக் கூவுவதும் கேட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் பாப்பா வாயை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நாலைந்து மாதத்தில் குழந்தைகளுக்கு அப்படித்தான், எந்தச் சத்தம் கேட்டாலும் பால் மறந்துவிடும். பாதி குடித்து, பாதி அழுது, அந்தக் கடைசி பஸ்ஸில் ஏறினோம். வழி முழுக்க அவள் சிணுங்கினாள். எனக்கு மார்பு கட்டி வலித்தது.

இது ஒரு நாள் அசௌகரியம் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காக, தாய்மாருக்குத் தெரிந்த சில விஷயங்களைச் சொல்கிறேன். உங்களில் பலருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அப்படியென்றால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடமோ அரை மணியோ ஆகும். அப்புறம் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கக்கிவிடும். குழந்தை குடிக்காமல் நேரம் போனால் பால் கட்டிக்கொள்ளும். மார்பு கல்லாகி, சில பேருக்குக் காய்ச்சல் வரும், சீழ் பிடிக்கிற அளவுக்கும் போகும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள், தண்ணீர்கூட வேண்டாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சொல்லி அனுப்புகிறார்கள். சரி, அதன்படியே கொடுக்கிறோம். ஆனால் பஸ் பயணம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுமா? ஒரு பஸ், காத்திருப்பு, இன்னொரு பஸ் என்று போகும்போது, ஒரு தடவையாவது பேருந்து நிலையத்தில் பால் கொடுத்தே ஆக வேண்டும்.

"பாட்டில்ல போட்டு எடுத்துட்டு வரலாமே" என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பிழிந்து எடுத்த தாய்ப்பால் சாதாரண வெப்பத்திலேயே நான்கு மணி நேரம்தான் தாங்கும். மே மாத வெயிலில் ஜன்னலோரம் மடியில் வைத்திருக்கும் பைக்குள் அதை எவ்வளவு நேரம் நம்புவது? பவுடர் பால் என்றால் கொதிக்க வைத்த தண்ணீர், கொதிக்க வைத்துக் கழுவிய பாட்டில் வேண்டும். பேருந்து நிலையத்தில் அதற்கு எங்கே போவது? சரியாகக் கழுவாத பாட்டிலால் வயிற்றுப்போக்கு வந்து குழந்தைகள் துவண்டுபோவதை நம் பாட்டிமார் காலத்திலிருந்தே பார்த்திருக்கிறோம். 1992-இல் பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாதென்று நாட்டில் சட்டமே கொண்டுவந்தார்கள். அப்படியிருக்க, அறை பூட்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தாய் பாட்டிலுக்குப் போவது நியாயமா?

இன்னொன்றும் கேட்பார்கள்: "நாங்கெல்லாம் முந்தானைக்குள்ளயே கொடுக்கலையா?" உண்மைதான். என் அம்மா சேலைக்குள் என்னை வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் இருப்பவருக்கே தெரியாமல் பால் கொடுத்திருக்கிறார். இன்றைக்கு என் வயதுப் பெண்கள் நிறையப் பேர் வெளியே போக சுடிதார்தான் போடுகிறோம். ஜிப் வைத்துத் தைத்த குர்தி போட்டாலும் சேலை கொடுக்கிற மறைப்பு கிடைக்காது. அதோடு, முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து கொடுப்பது என் போன்றவர்களுக்குப் பெரும் வேதனை. எனக்கு சிசேரியன். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 100-க்கு 45 அறுவை சிகிச்சைதான். தையல் போட்ட வயிற்றோடு, சுவர் இல்லாத பெஞ்சில் குனிந்துகொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் சாய்மானம் எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

அறை திறந்திருந்த ஊர்களையும் பார்த்திருக்கிறேன். ஒன்றில் ஒரு பக்கம் பிளீச்சிங் பவுடர் மூட்டை, மறுபக்கம் துடைப்பங்கள், நடுவில் கல் பெஞ்ச். பச்சைக் குழந்தையை அந்த நெடியில் எப்படி வைத்திருப்பது? இன்னொன்றில் ஃபேன் இல்லை, உள்ளே தாழ்ப்பாள் இல்லை. அம்மா வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டார். தனியாக வருகிற பெண் என்ன செய்வாள்? ஒரே ஒரு பேருந்து நிலையத்தில் எல்லாம் சரியாக இருந்தது. சுத்தமான தரை, சாய்மானம் வைத்த நாற்காலிகள், ஓடுகிற ஃபேன், கை கழுவக் குழாய், துணி மாற்ற ஒரு திண்டு. எங்களுக்கு முன்பே இரண்டு தாய்மார் உள்ளே இருந்தார்கள். ஒருவருக்கு இரட்டைக் குழந்தைகள், ஒன்று குடிக்கும்போது இன்னொன்றை என் அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பாப்பா முழு வயிறு குடித்துவிட்டு அங்கேயே தூங்கினாள். பளிங்கும் ஏசியும் கேட்கவில்லை. இப்படி ஒரு அறை எல்லா ஊரிலும் இருந்தால் போதும். கூட வருகிற பாட்டியை உள்ளே விட வேண்டும் என்பதையும் எழுதிப் போடுங்கள். சில இடங்களில் தாய் மட்டும்தான் என்று நிறுத்துகிறார்கள். பையையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு துணி மாற்றத் தனி ஆளால் முடியாது.

ஏன் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன என்று நான் யோசித்துப் பார்த்தேன். அதே பேருந்து நிலையத்தில் கட்டணக் கழிப்பறை விடியற்காலையிலும் திறந்திருக்கிறது, ராத்திரி பத்து மணிக்கும் திறந்திருக்கிறது. அங்கே ஒரு ஆள் எப்போதும் உட்கார்ந்திருக்கிறார். ஏலம் எடுத்தவருக்கு அதில் வருமானம், அதனால் மூட மாட்டார். பாலூட்டும் அறையில் யாருக்கும் ஒரு பைசா கிடைப்பதில்லை, திறந்து வைப்பதற்கென்று யாருக்கும் சம்பளமும் இல்லை. திறந்து போட்டால் உள்ளே யாராவது படுத்துக்கொள்கிறார்கள், குடித்துவிட்டு வருகிறார்கள் என்று ஊழியர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதற்குப் பூட்டு போடுவதுதான் அவர்கள் கையில் இருக்கும் ஒரே வழி. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

வழி உங்கள் கையில் இருக்கிறது. கழிப்பறைக்கோ கடைகளுக்கோ அடுத்த தடவை ஏலம் விடும்போது, பாலூட்டும் அறையைத் திறந்து வைத்துச் சுத்தமாகப் பராமரிக்க வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகச் சேருங்கள். முதல் பஸ் வரும் நேரத்திலிருந்து கடைசி பஸ் போகும் வரை திறந்திருக்க வேண்டும், மூடியிருந்தால் அபராதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அல்லது மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு நியாயமான சம்பளத்தோடு அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். ஏற்கெனவே காலையிலிருந்து கூட்டிக்கொண்டிருக்கும் தூய்மைப் பணியாளர் அக்காவின் தலையில் இதையும் கட்டிவிடாதீர்கள். அப்புறம், கதவில் ஒரு தொலைபேசி எண். பூட்டியிருந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்தாலே பாதி அலைச்சல் குறையும்.

இது சலுகை இல்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பொது இடங்களில் பாலூட்டும் அறைகள் வேண்டும் என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. பால் கொடுப்பதை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தருகிற வாழ்வுரிமையோடு சேர்த்துப் பார்த்தது. இந்த வசதிகளைச் செய்யும்படி மத்திய அரசு 2024-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதத்தை நடைமுறைப்படுத்தச் சொன்னது. பொது இடத்தில் பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிகவும் முக்கியம். அறையைக் கேட்கிறேன் என்பதால், தாய்மார் எல்லோரும் அதற்குள் போய்த்தான் கொடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பஸ்ஸுக்குள், நிழற்குடையில், எங்கே குழந்தைக்குப் பசிக்கிறதோ அங்கே கொடுக்க எங்களுக்கு உரிமை உண்டு. யாராவது முறைத்தாலோ எழுந்து போகச் சொன்னாலோ உங்கள் ஊழியர்கள் தாயின் பக்கம் நிற்க வேண்டும். அறை என்பது எனக்கு அமைதி வேண்டும்போது, சாய்ந்து உட்கார வேண்டும்போது போய்க்கொள்ள ஓர் இடம்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் என்னைப் போல எத்தனையோ பேர் குழந்தையோடு தைரியமாக வெளியே வருகிறோம். புதன்கிழமைகளில் பேருந்து நிலையத்தைப் பாருங்கள், தடுப்பூசி போட்ட குழந்தைகளும் தாய்மாரும்தான். ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி என்று அடுத்தடுத்து வரும். ஊசி போட்ட தொடை வலியில் குழந்தை வேறு எதற்கும் அடங்காது, பாலுக்குத்தான் அடங்கும். அப்புறம், பேருந்து நிலையத்திலேயே வேலை செய்கிற தாய்மார் இருக்கிறார்கள். வெள்ளரிக்காய் விற்கிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள். மகப்பேறு விடுப்பு பற்றி எத்தனை சட்டம் வந்தாலும் அவர்களுக்கு விடுப்புச் சம்பளம் தர ஒரு முதலாளி இல்லை. பச்சைக் குழந்தையோடு சீக்கிரமே வியாபாரத்துக்கு வந்துவிடுகிறார்கள். நான் மாதத்தில் சில மணி நேரம் தேடுகிற அந்த அறை, அவர்களுக்கு நாள் முழுக்கத் தேவை.

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாய்ப்பால் வாரம் கொண்டாடுகிறோம். ஊர்வலம், உறுதிமொழி எல்லாம் நடக்கட்டும். அந்த வாரத்தில் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல், யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு நீங்களே வாருங்கள். கூடவே வீட்டில் குழந்தை பெற்ற மகளோ மருமகளோ தங்கையோ இருந்தால் அழைத்து வாருங்கள். கதவைத் தள்ளிப் பாருங்கள். திறந்தால் உள்ளே போய் அவர்களை உட்காரச் சொல்லி, என்ன குறை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திறக்காவிட்டால், சாவி யாரிடம் என்று விசாரித்து, மறுநாளே அந்தப் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுத்தில் போட்டுக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஐந்து மாதக் குழந்தையின் தாய்