நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழில் முதியோர் நலம் பற்றி வந்த கட்டுரையை எங்கள் தெருவில் பலரும் படித்தோம். தினமும் அரை மணி நேரம் நடங்கள், உப்பைக் குறையுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று எழுதியிருந்தது. எல்லாம் சரிதான். ஆனால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு அவசியமான ஒன்றை, தசையை வலுப்படுத்தும் பயிற்சியை, கட்டுரை ஒரு வரியில்கூடத் தொடவில்லை. இந்த விடுபடல் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்ததால்தான் எழுதுகிறேன்.

நடையை நான் குறை சொல்லவில்லை. தைப்பூசத்துக்குப் பழனி வரை காவடியோடு நடக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள், எழுபது வயதிலும் நடப்பவர்களை வருஷா வருஷம் பார்க்கிறோம். நடை இதயத்துக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடைத் தசைக்குப் பெரிய சுமை விழுவதில்லை. முப்பது வயதுக்குப் பிறகு பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. அதிலும் அதிகம் கரைவது சட்டென்று இயங்குகிற தசையிழைகள்தான். கால் இடறும்போது அடுத்த காலை உடனே முன்னால் வைத்து நம்மைத் தாங்கிக்கொள்ள உதவுபவை அவைதான், மெதுவான நடையில் அவற்றுக்கு அநேகமாக வேலையே கிடையாது.

செட்டிநாட்டு வீட்டைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். தெருவிலிருந்து முகப்புக்கு ஏற உயரமான படிகள், பல வீடுகளில் கைப்பிடி கிடையாது, அப்புறம் நிலைவாசலைத் தாண்ட வேண்டும், வளவில் (நடு முற்றத்தில்) இறங்கி ஏற வேண்டும், ஈரம் பட்டால் ஆத்தங்குடி டைல்ஸ் வழுக்கும், கழிப்பறையோ சில வீடுகளில் இன்னும் வீட்டின் பின்கோடியில்தான் இருக்கிறது. அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சி மட்டும் தனியாக இருப்பார், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஆச்சி விழுந்தால் சத்தம் தெருவுக்குக்கூடக் கேட்காது.

எங்கள் அத்தைக்கு 79 வயது. கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் விழுந்த பயத்தில் அசையாமலே இருந்து இருந்து, நாற்காலியிலிருந்து எழவே இன்னொருவர் கை தேவை என்ற நிலைக்கு வந்துவிட்டார். "வயசாயிருச்சு, இனிமே இப்படித்தான்" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, கையூன்றி எழச் சொன்னார். அது பழகியதும் ஒரு தலையணையை எடுத்தார், பிறகு கையை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொன்னார், அதன்பின் மடியில் அரிசிப் பையை அணைத்துக்கொண்டு. இப்போது அத்தை யார் கையையும் பிடிக்காமல் முகப்புப் படி ஏறுகிறார்.

இது அத்தைக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டமில்லை. 1990-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில், சராசரியாக 90 வயதான பத்துப் பேரை எட்டு வாரப் பளுப் பயிற்சியில் சேர்த்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடைத் தசையின் அளவு 9 சதவீதம் கூடியது. தொண்ணூறில்! ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, சராசரி 65 வயதுப் பெண்கள் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் மேற்பார்வையில் நல்ல கனமான பளுவைத் தூக்கினார்கள். எட்டு மாதத்தில் கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, அந்தப் பயிற்சி செய்யாதவர்களுக்குக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டுதலில், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி செய்ய வேண்டும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நடையோடு சேர்த்து இவற்றையும் செய்ய வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்வதில் பெரும்பங்கு தசைக்குத்தான். தசை குறைந்தால் சர்க்கரை போய்ச் சேர இடம் குறைகிறது. வீட்டுக்கு வீடு மாத்திரை டப்பா இருக்கிற ஊரில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வாசகர்கள் இன்றைக்கே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கை இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டியபடி 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுக்குள் பெண்களுக்கு 11-க்குக் கீழும் ஆண்களுக்கு 12-க்குக் கீழும் வந்தால் கால் வலு சராசரிக்குக் குறைவு, விழும் அபாயம் அதிகம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், வீடியோ காலில் "வாக்கிங் போனீங்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், எதிரே உட்காரவைத்து எழுந்து காட்டச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. நாற்காலியிலிருந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது, இவை போதும் தொடங்க. ஆனால் எளிதாகிவிட்டால் சுமையைக் கூட்ட வேண்டும், அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு முறை செய்யும்போது கடைசி இரண்டு மூன்று சிரமமாக இருந்தால்தான் தசை வளரும். மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூட்டு வலிக்காரர்கள் ஒதுங்க வேண்டாம், தொடை வலுவானால் முழங்கால் வலி குறையவே செய்யும். சாப்பாட்டையும் கவனியுங்கள். காலையில் இட்லி, சாயங்காலம் பணியாரம், ராத்திரி கஞ்சி என்று அரிசியிலேயே நாள் போனால் தசைக்கு என்ன கிடைக்கும்? புரதத்துக்குச் சுண்டல், பருப்பு, முட்டை, தயிர் என்று ஏதாவது ஒன்று வேளைக்கு வேளை இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவில்.

மாநகராட்சிக்கும் ஒரு கோரிக்கை. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது, பயிற்சி சொல்லித்தரப் படிக்கும் இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். வாரம் இரண்டு காலை, ஏதாவது ஒரு பூங்காவிலோ கல்யாண மண்டபத்திலோ நாற்காலி போட்டு முதியோருக்கு இலவச வகுப்பு நடத்தலாம். சுற்றியுள்ள ஊர்களில் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, அவற்றின் முகப்பைத் திறந்துவிட்டாலே இருபது பேர் தாராளமாகப் பயிற்சி செய்யலாம். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள் சாவியைக் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்களிடம் கேட்பது இது. நலப் பக்கத்தில் வாரம் ஒரு பயிற்சியைப் படத்துடன், கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவு பெரிய எழுத்தில் போடுங்கள். படத்தில் இருபது வயதுப் பையனைக் காட்டாமல் புடவை கட்டிய எழுபது வயதுப் பெண்ணைக் காட்டுங்கள். வெட்டி எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டிவைக்க எங்கள் தெருவில் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோட்டையூர்.