சாப்லெட்

அன்புள்ள சுந்தரம்,

முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று என்று எழுதியிருந்தாய். இப்போதாவது சம்மதித்தாயே, நல்லது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பெய்ஜிங்கில் மகள் வீட்டில் இருந்தேன். நடுவில் ஷாங் வம்சத்தின் பழைய தலைநகரம் இருந்த அன்யாங் போய் வந்தேன்.

அங்கே ஃபூ ஹாவ் கல்லறை இருக்கிறது. அவள் ஷாங் மன்னன் வூ திங்கின் மனைவி, படை நடத்திப் போனவள். கொள்ளையர் கை படாத அந்தக் குழியை 1976ல் கண்டுபிடித்தது ஜெங் ஜென்ஷியாங் என்ற தொல்லியலாளர், அவரும் பெண்மணிதான். வெண்கலப் பொருட்கள் மட்டும் 468.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது உடைந்த மண் மோல்டுகளுக்கு, அதாவது வார்ப்பு அச்சுகளுக்கு முன்னால். வெண்கல ஆராய்ச்சி என்கிறார்கள், பாதி நேரம் அவர்கள் கையில் இருப்பது சுட்ட மண்தான்! நம் ஊர் சாமி சிலைகள் போல மெழுகு வைத்து உருக்கவில்லை. முதலில் மண்ணில் பாத்திரத்தைச் செய்து, அதன்மேல் களிமண் அப்பி, துண்டு துண்டாக அறுத்து எடுத்துச் சுடுவார்கள். பிறகு அந்த மண் பாத்திரத்தையே சுவர் கனத்துக்குச் சுரண்டிவிட்டால் அதுவே கோர், அதாவது உள் அச்சு. வெளி அச்சுக்கும் கோருக்கும் நடுவில்தான் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள்; கோர் நகராமலிருக்க அந்த இடைவெளியில் சின்னச் சின்ன வெண்கலச் சில்லுகள். எக்ஸ்ரேயில் பாத்திரச் சுவருக்குள் அவை தனியாகத் தெரிகின்றன.

கோரைத் தாங்க நம் வார்ப்புப் பட்டறையில் வைப்போமே, அந்தச் சாப்லெட்டேதான், சுந்தரம்! பீளமேட்டுப் பட்டறையில் ஒரு பையன் சாப்லெட் வைக்க மறந்து, கோர் சரிந்து, பம்ப் பாடி முழுக்க ஸ்கிராப்புக்குப் போனதே, அன்று நீ போட்ட சத்தம் மூவாயிரம் வருஷம் தாண்டிக் கேட்டது எனக்கு.

பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் ஹௌமூவூ என்ற நாலுகால் பாத்திரத்தையும் பார்த்தேன். 832.84 கிலோ. 1939ல் ஊர்க்காரர்கள் தோண்டி எடுத்து, ஜப்பானியர் கண்ணில் படாமல் மறுபடி புதைத்து வைத்தார்களாம். அதற்குள் ஒரு காது தொலைந்துவிட்டது. இப்போது இருப்பது பின்னால் செய்து வைத்தது.

உனக்கு ஒரு வேலை. படுக்கையில் சும்மாதானே கிடக்கப்போகிறாய்? அந்தப் பாத்திரத்துக்கு, உலோகம் ஊற்றும் வழியான கேட், சுருங்கும்போது ஈடுகட்டும் ரைசர் எல்லாம் சேர்த்து எவ்வளவு உலோகம் உருக்கியிருப்பார்கள், எத்தனை உலை ஒரே நேரத்தில் எரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வை. போட்டோக்களோடு அடுத்த மாதம் வருகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்